கிணற்றுப் பந்து

பஞ்சலிங்கம் தன்னுடைய வீட்டு வளவில் ஒருநாளும் தோற்றதில்லை. வேறு வளவில் அவர் ஆடியதும் இல்லை.

மலாயாவில் ரெயில்வே உத்தியோகம் பார்த்து, பென்சனோடு இணுவிலுக்குத் திரும்பியவர். வந்த கையோடு வீட்டுக்குப் பின்னால் இருந்த புகையிலைத் தோட்டத் தறையை மட்டப்படுத்தி, புற்றுமண் பரப்பி, சாணம் மெழுகி, சுண்ணாம்பால் கோடு கிழித்து டெனிஸ் திடல் ஆக்கினார். வலை, பருத்தித்துறையில் மீன்வலை பின்னும் ஒருவரிடம் சொல்லிச் செய்வித்தது. அதைக் கடந்து போகும்போது ஊரார் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும்.

சனிக்கிழமைகளில் நாலு மணிக்கு ஆட்டம். அவருடைய ஆட்டத்தில் வேகம் கிடையாது. பந்தை வெட்டுவார். வெட்டிய பந்து எதிர்ப்பக்கம் விழுந்து, எழும்ப மனமில்லாததுபோல் கணுக்கால் உயரத்தில் வழுக்கிக்கொண்டு போகும். எதிராளி குனிந்து கிண்டுவான். பந்து வலையில் விழும்.

“முதுகு வளையாதவனுக்கு என்னத்துக்கு மட்டை?” என்பார்.

மூன்று ஆட்டத்துக்கு ஒருமுறை பந்து மாற்ற வேண்டும் என்பது அவருடைய சட்டம். சிரம்பான் கிளப்பில் அப்படித்தான் என்றார். சிரம்பானைக் கண்டவர்கள் வேறு ஒருவரும் ஆட வராததால் சட்டம் நிலைத்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவருடைய மகள் கமலாவதி கிணற்றடிப் பக்கமிருந்து பந்துகள் போட்ட ஒரு பிஸ்கட் தகரப் பேணியைக் கொண்டுவந்து கோட்டோரம் வைத்துவிட்டுப் போவாள்.

அந்தத் திடலில் அதிகம் குனிந்தவன் மார்க்கண்டு. பஞ்சலிங்கத்தின் தமக்கை பராசக்தியின் மகன். சைவப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஆசிரியப் பயிற்சிக்குப் போன இடத்தில் டெனிஸ் பழகி, அங்கே எல்லோரையும் வென்றவன். நல்ல கை. ஓங்கி அடித்தால் சத்தம் தெருவுக்குக் கேட்கும். ஆனால் அம்மானுடைய திடலில் அந்த அடி செல்லவில்லை. பந்து அவன் எதிர்பார்த்த உயரத்துக்கு வருவதே இல்லை.

அவன் தோற்கத் தோற்க வந்ததற்குக் காரணம் டெனிஸ் அல்ல. கமலாவதி அவனுக்கு உரிமைப் பெண், தாய்மாமன் மகள். அவள் பிறந்த செய்தி மலாயாவிலிருந்து வந்த அன்றே பராசக்தி ஊருக்குச் சொல்லிவிட்டாள். அந்தப் பேச்சை நம்பி மார்க்கண்டு வந்த சம்பந்தங்களையெல்லாம் தட்டிக் கழித்தான். முப்பது கடந்துவிட்டது. இனி ஒருவரும் அவனைக் கேட்டு வரப்போவதில்லை. கமலாவதி கிடைத்தால் கல்வீடும் வளவும் அவளோடு வரும். கிடைக்காவிட்டால் அவன் கடைசிவரை தாயின் மண்வீட்டில் கிடக்க வேண்டியதுதான்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆட்டம் முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பஞ்சலிங்கம் பேச்சை எடுத்தார். ஊர் அதிகாரியான விதானையார் ஆழ்வாப்பிள்ளை பக்கத்தில் இருந்தார். அவர்தான் எப்போதும் நடுவர். டெனிஸ் தெரியாது, எண்ணத் தெரியும்.

“மருமோன், கரவெட்டியிலை ஒரு அப்போதிக்கரி. செல்வரட்ணம் எண்டு பேர். மலைநாட்டு ஆசுப்பத்திரியிலை மருந்து குடுக்கிற வேலை. கமலாவைக் கேக்கினம்.”

“உரிமை எனக்கல்லோ, அம்மான்.”

“அதுதானே கதைக்கிறன். உரிமைக்காரன் ஒருத்தன் வாசலிலை நிக்கிற வீட்டிலை கைநனைக்க அவையும் யோசிக்கினம்.”

“அப்ப இல்லையெண்டு சொல்லிவிடுங்கோ.”

“நான் உன்னோடை டெனிஸ் ஆடிச் சொல்லப்போறன். ஒரு செற். நீ வெண்டால் கமலா உனக்கு. நான் வெண்டால் நீ தோழனா நிண்டு மாப்பிள்ளையின்ரை காலைக் கழுவவேணும்.”

விதானையார் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

தோழன் என்பது பெண்ணின் சகோதரன் நிற்கும் இடம். கலியாண வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, அதற்கு ஒரு மோதிரம் வாங்கிக்கொள்வான். கமலாவதிக்கு உடன்பிறந்தவர் இல்லை. மச்சான் முறைக்காரன் அந்த இடத்தில் செம்போடு நின்றால் அன்றோடு அவன் அவளுக்கு அண்ணன். உரிமை செத்துப்போகும். பிறகு அதைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது.

“எனக்குத் தர விருப்பமில்லையெண்டால் நேரை சொல்லலாமே,” என்றான் மார்க்கண்டு.

“சொன்னால் ஊர் என்னையெல்லோ ஏசும், அக்காவின்ரை பொடியனைக் கைவிட்டிட்டான் எண்டு. நீ தோத்தால் உன்னைப் பாத்துத்தான் சிரிக்கும்.” பஞ்சலிங்கம் மட்டையின் நரம்பை விரலால் சரிசெய்தார். “சித்திரை வருசம் பிறந்து வாற சனிக்கிழமை. பயமெண்டால் இப்பவே தோழனுக்கு வேட்டி எடுத்துத் தாறன்.”

மார்க்கண்டு சம்மதித்தான். சம்மதிக்காவிட்டால் அன்றே சிரித்திருப்பார்கள்.

அவன் தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்குப் போனான். துலாக்கயிற்றைத் தவிர இன்னொரு கயிறு கிணற்றுக்கட்டில் முடிந்து கிணற்றுக்குள் இறங்கியிருந்தது. இழுத்தான். வலைப் பையொன்றில் கல்லோடு சேர்த்து பிஸ்கட் பேணிகள். மூடியைச் சுற்றி மெழுகு பூசியிருந்தது. ஒன்றைப் பிரித்தான். உள்ளே டெனிஸ் பந்துகள், ஈரமில்லை. கையில் எடுத்தால் பனிக்காலத்துக் கூழாங்கல் மாதிரி இருந்தன. கிணற்றுக்கட்டுச் சீமெந்தில் ஒன்றை விழவிட்டான். முழங்காலுக்கும் வரவில்லை. வெயிலில் கிடந்த பந்தொன்றைப் பொறுக்கி அதே உயரத்திலிருந்து விட்டான். அது இடுப்புக்கு வந்தது.

கணக்கு வாத்தியாருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. குளிர்ந்தால் பந்துக்குள் இருக்கும் காற்று ஒடுங்கும், றப்பர் விறைக்கும். விழுந்த பந்துக்கு எழும்பச் சீவன் இருக்காது. வெட்டி ஆடுகிறவனுக்கு அதுதான் வேண்டும். சில ஆட்டங்களில் பந்து மறுபடி சூடாகிவிடும் என்பதால்தான் மூன்றுக்கு ஒருமுறை மாற்றும் சட்டம். சிரம்பான் கிளப் இந்தக் கிணற்றுக்குள்தான் இருந்தது.

மெழுகை அழுத்திவிட்டுப் பேணியை மறுபடி இறக்கினான். யாருக்கும் சொல்லவில்லை. அம்மானைக் கள்ளன் என்று ஊருக்குக் காட்டினால் அம்மானுக்கு வெட்கம் கிடைக்கும், அவனுக்குப் பெண் கிடைக்காது. அந்தக் கள்ளத்தை வைத்தே அவரை அடிப்பது நல்லது என்று நினைத்தான்.

பள்ளிக்கூடத்தில் பழைய பந்துகளைச் சேர்த்தான். தன் வீட்டுக் கிணற்றில் இறக்கிக் குளிரவைத்து, பள்ளிக்கூடச் சுவரில் அடித்துப் பழகினான். குளிர்ப் பந்துக்கு முழங்காலை மடக்க வேண்டும். கீழிருந்து மேலே இழுத்து முழுப் பலத்தையும் கொடுக்க வேண்டும். செத்த பந்தை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் கோட்டுக்குள்தான் விழும். அது அவன் கைக்கு ஏற்றது. பங்குனி முடிவதற்குள் அவனுடைய கை அந்த ஒரு பந்துக்கு மட்டும் பழகிப்போனது. சனிக்கிழமைகளில் வேண்டுமென்றே முன்னையைவிடக் கேவலமாகத் தோற்றான். பஞ்சலிங்கம் ஊரில் ஆட்களைக் கூப்பிட்டு வைக்கத் தொடங்கினார்.

இதோடு மார்க்கண்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை வேறு.

வருசப் பிறப்பன்று கைவிசேடக் காசு வாங்க வந்தவன் கிணற்றடியில் கமலாவதியைக் கண்டான். அவள் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். சிரம்பானில் சிறுபிள்ளையாக இருந்தபோதே தகப்பன் அவளுக்கு மட்டை பிடிக்கக் காட்டிக் கொடுத்திருந்தார். நன்றாக ஆடுவாள். இணுவிலுக்கு வந்து ஒரே ஒரு நாள் திடலில் ஓடினாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குமர்ப்பிள்ளை ஓடுகிறாள் என்று பராசக்திதான் முதலில் கத்தினாள். மட்டை பெட்டிக்குள் போனது. அதன் பிறகு அவளுக்கு மிஞ்சிய டெனிஸ், பேணிகளை இறக்குவதும் ஏற்றுவதும்தான்.

“அந்தக் கயிறு எனக்குத் தெரியும்,” என்றான் மார்க்கண்டு.

“எந்தக் கயிறு, அத்தான்?”

“பேணிக் கயிறு. பயப்பிடாதை, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ரண்டு மாசமாக் குளிர்ப் பந்திலைதான் பழகிறன். அம்மான் வெட்டுற பந்தை அவற்றை முகத்துக்கே அடிப்பன்.”

“அப்ப வெல்லுவியள்.”

“வெல்லாமல்? வெண்டாப்பிறகு முதல் வேலை உந்தத் திடலைக் கொத்திப் புகையிலை வைக்கிறது. என்ன மண். சும்மா கிடந்து சாகுது. அம்மாவும் இஞ்சை வந்திடுவா. உன்ரை கொப்பர் தெருப்பக்கத்து அறையிலை கிடக்கட்டும், சோறு போடுவம்.”

கமலாவதி துலாவை இறக்கினாள். “என்ரை மட்டை பெட்டிக்கை கிடக்குது.”

“கிடக்கட்டும். பால் காய்ச்ச நல்ல விறகு.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு, இன்னும் கொஞ்சம் பகிடி சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்தான்.

“நீ ஒண்டும் செய்யத் தேவையில்லை. எப்பவும்போலப் பேணியை இறக்கு, ஏத்து. அப்போதிக்கரி வந்து உன்ரை உயரத்தையும் நிறத்தையும் கண்டால் தானாத் திரும்பிப் போவான். என்னை விட்டால் உனக்கு ஆர்?”

“ஓம் அத்தான்,” என்றாள்.

அவள் தனக்கு எதிராக நிற்கக்கூடும் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. உரிமைப் பெண் என்றால் தன் கையைப்போல, காலைப்போல ஒன்று என்று நினைத்தான். கையிடம் இரகசியம் சொன்னால் கை யாரிடம் போய்ச் சொல்லும்?

அவள் யாரிடமும் போய்ச் சொல்லவில்லைதான்.

சனிக்கிழமை காலையில் நெல் அவித்தாள். அவித்த நெல்லைக் கடகத்தில் அள்ளிக் கொட்டி, ஆவி பறக்கும் குவியலின் நடுவே பேணிகளைப் புதைத்து, மேலே சாக்கால் மூடினாள். பகல் முழுக்க அவை அங்கேயே இருந்தன. இடையில் ஒருமுறை ஒரு பேணியைத் திறந்து பந்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரிச் சுட்டது. மெழுகு உருகி ஓடியிருந்த இடத்தில் துணியைச் சுற்றி மறுபடி புதைத்தாள்.

நாலு மணிக்கு வேலியோரம் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். கொடிகாமத்திலிருந்து கூட இரண்டு பேர் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பராசக்தி வீட்டுப் பின்வாசலில் நின்றாள். கமலாவதி முதல் பேணியைக் கோட்டோரம் வைத்தாள். மார்க்கண்டு அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். அவள் பேணியின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சலிங்கம் முதல் பந்தைப் போட்டார். வெட்டிப் போட்டார். மார்க்கண்டு முழங்காலை மடக்கிக் காத்திருந்தான். பந்து அவன் முகத்துக்கு எழும்பியது. தடுமாறி, பழகிய பழக்கத்தில் கீழிருந்து மேலே முழுப் பலத்தோடு இழுத்தான். பந்து கோட்டைத் தாண்டி, கிடுகு வேலியைத் தாண்டி, பக்கத்து வளவு வாழைக்குள் போய் விழுந்தது.

“அவுட்,” என்றார் விதானையார். “பிஃப்டீன் லவ்.”

“வாழைக்குலை வெட்டப் போயிட்டார் மாஸ்டர்,” என்று வேலியோரம் ஒருவன் சொன்னான்.

இரண்டாவதும் வாழைக்குள் போனது. மூன்றாவதை மெல்லத் தட்டினான், அதுவும் கோட்டுக்கு வெளியே. தொட்டாலே கிளம்பும் பந்து. இரண்டு மாதமாகக் கைக்கு ஏற்றியது எல்லாம் இப்போது அவனுக்கு எதிராக வேலை செய்தது. பஞ்சலிங்கத்துக்கும் முதலில் பிடிபடவில்லை. இரண்டு பந்தை அவரும் வெளியே அடித்தார். பிறகு ஒரு பந்தைக் கையில் எடுத்துச் சற்று நேரம் வைத்திருந்தார். மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அவர் பின்கோட்டுக்கு அப்பால் போய் நின்று, வெட்டுவதை விட்டுவிட்டு, மட்டையைச் சும்மா நீட்டிக்கொண்டிருந்தார். வருகிற பந்து மட்டையில் பட்டுத் தானாகத் திரும்பிப் போனது. மார்க்கண்டு அதை வாழைக்கு அனுப்பினான்.

மூன்று ஆட்டம் முடிந்து பேணி மாறியது. இனிக் குளிர்ப் பந்து வரும் என்று மார்க்கண்டு நினைத்தான். முன்னையதைவிடச் சூடாக வந்தது. நாலுக்குப் பூச்சியம். ஐந்துக்குப் பூச்சியம். வேலியோரத்துப் பிள்ளைகள் வாழைக்குள் இறங்கி நின்றுகொண்டு, “மாஸ்டர், இஞ்சை, இஞ்சை,” என்று கையை ஏந்தினார்கள்.

அவன் மட்டையைக் கீழே விட்டான்.

“பந்து சுடுகுது.”

“சித்திரை வெய்யில்,” என்றார் விதானையார். “பின்னைக் குளிருமோ?”

“மருமோனுக்கு ஐஸ் வேணுமாம்,” என்றார் பஞ்சலிங்கம். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது.

“கிணத்துக்கை கிடந்த பந்து எங்கை?” என்று மார்க்கண்டு கேட்டான். “எந்தக் கிழமையும் பேணியைக் கிணத்துக்கை இறக்கித்தானே ஆடுறவர். இண்டைக்கு மட்டும் ஏன் சுடுகுது? விதானையார், கயிறு கிணத்துக்கட்டிலை கிடக்குது. போய் இழுத்துப் பாருங்கோ.”

பஞ்சலிங்கத்தின் முகம் ஒரு கணம் வெளுத்தது. கிணற்றில் இன்னும் பேணி இருக்கக்கூடும் என்று அவரும் நினைத்தார்.

“கிணத்துக்கை பந்து வைக்க அப்பாவுக்கென்ன விசரே?” என்றாள் கமலாவதி. ஆண்கள் நடுவில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. “நானே இழுத்துக் காட்டுறன்.”

எல்லோரும் பார்க்க அவள் கயிற்றை இழுத்தாள். வலைப் பை மேலே வந்தது. உள்ளே சோடாப் போத்தல்கள்.

“வந்த ஆக்களுக்கு எண்டு இறக்கி வைச்சனான்,” என்றாள். முதல் போத்தலை விதானையாருக்குக் கொடுத்தாள்.

விதானையார் போத்தல் வாயிலிருந்த கோலிக்குண்டை விரலால் அழுத்தித் திறந்தார். ஒரு வாய் குடித்தார். “நல்ல குளிர்மை,” என்றார். மார்க்கண்டைப் பார்த்து, “தம்பி, உமக்கும் ஒண்டு? தலைக்கு ஊத்தினாலும் நல்லது,” என்றார்.

சோடா குடித்து முடிந்ததும் மிச்ச ஆட்டத்தை ஆடச் சொன்னார்கள். மார்க்கண்டு ஆடினான். ஆறுக்குப் பூச்சியம். கடைசிப் பந்தை அடிக்கவே இல்லை. அது அவன் தோளில் பட்டு விழுந்து, இடுப்புயரம் எழும்பி, உருண்டு போனது. பராசக்தி மகனைப் பார்க்காமல் ஒழுங்கையால் நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆட்கள் போன பிறகு அவன் கிணற்றடிக்கு வந்தான். அவள் வெறும் போத்தல்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“நீதானே?”

“ஓம்.”

“அந்த அப்போதிக்கரி ஆரெண்டு உனக்குத் தெரியுமோ? குடிகாரனோ, நோய்க்காரனோ, ஆர் கண்டது?”

“தெரியாது,” என்றாள். “உங்களைத் தெரியும்.”

அவள் ஒரு போத்தலைக் கவிழ்த்து நீரை ஊற்றிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

“வீட்டை போங்கோ, அண்ணை,” என்றாள். “மாமி தனிய இருப்பா.”

அன்று சாப்பிடும்போது பஞ்சலிங்கம் மகளிடம் கேட்டார்.

“அவனுக்குத் தெரியுமெண்டு எனக்குச் சொல்லியிருக்கலாமே. வேறை வழி பாத்திருப்பன்.”

“உங்களுக்கு வேறை வழி தெரியாதப்பா. கிணத்துப் பந்தாயிருந்தால் அவரிட்டை தோத்திருப்பியள்.”

“உனக்கென்ன தெரியும்?”

“நான் சின்னனிலை உங்களை வெண்டனான். நீங்கள் விட்டுத் தந்ததெண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தன்.” அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டாள். “இண்டைக்குப் பாத்தன். அப்ப நீங்கள் விட்டுத் தரேல்லை.”

அவர் அந்தச் சோற்றைச் சாப்பிடவில்லை. அடுத்த சனிக்கிழமை நாரியில் பிடிப்பு, குனிய ஏலாது என்றார். அதற்கு அடுத்த கிழமை வலை கழற்றப்பட்டது.

கலியாணம் வைகாசியில் நடந்தது. மார்க்கண்டு வராமல் விட்டுவிடலாம் என்று நினைத்தான். விதானையார் காலையிலேயே அவன் வீட்டுக்கு வந்து, வாசலில் கதிரை போட்டு இருந்துவிட்டார். பஞ்சலிங்கம் கொடுத்தனுப்பிய புது வேட்டியையும் தலைப்பாகையையும் மார்க்கண்டு கட்டிக்கொண்டான்.

மாப்பிள்ளை செல்வரட்ணம் கட்டையான ஆள். தலைமயிர் முன்னால் கொட்டியிருந்தது. காரில் தூசி படிய வந்திருந்தான். வாசலில் பலகையில் ஏறி நின்று காலை நீட்டினான். மார்க்கண்டு குந்தியிருந்து செம்பிலிருந்து நீரை ஊற்றினான். வேலியோரத்தில் யாரோ “அவுட்” என்றான். பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழும்பி அடங்கியது. என்ன பகிடி என்று மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. தானும் சிரித்து வைத்தான்.

ஒரு கால் கழுவியதுமே மாப்பிள்ளை மோதிரத்தைப் போட்டுவிட, மார்க்கண்டின் விரல் மூட்டில் அது தடக்கி நின்றது. மாப்பிள்ளை அழுத்தித் தள்ளினான்.

“தண்ணி நல்ல குளிர்மை, மச்சான்,” என்றான் செல்வரட்ணம், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

“கிணத்துத் தண்ணி,” என்றான் மார்க்கண்டு. மற்றக் காலுக்கு ஊற்றினான்.